மூன்றாவது ஹால்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பேசுகிறது, நீ மட்டும் பேசவில்லை. சரி, விடு. உன் ஊரில் நடக்கும் உலகக் கலைக் கண்காட்சிக்கு இந்தக் கடிதத்தோடு நுழைவுச்சீட்டு வைத்திருக்கிறேன். பல நாட்டுக்காரர்கள் நடுவில் உன் தம்பியும் ஒருவன். வெளியே வரும்போது, பிடித்த மூன்று படைப்புகளை எழுதிப் பெட்டியில் போடச் சொல்வார்கள். அதிக ஓட்டு வாங்கியவருக்குப் பரிசு. நான் மூன்றாவது ஹாலில் இருக்கிறேன். என்ன செய்திருக்கிறேன் என்று சொல்லமாட்டேன், நீயே பார். தம்பி என்று தயவு காட்டாதே. காட்டினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் வாலு


ஜனவரி 17

அன்பு வாலுக்கு,

போனேன். எனக்குப் பிடித்தவை இவை. கூரையிலிருந்து தொங்கும் நாற்காலிகள். கால் கடுக்க நிற்கிறோம், நாற்காலியெல்லாம் தலைக்கு மேலே. அப்புறம், கடற்கரையைப் பெருக்குகிறவரின் வீடியோ. அலை வரவர மறுபடி பெருக்குகிறார், நம் வீட்டு வேலை மாதிரியே. பிறகு ஓர் இருட்டறை. குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மூடலாம் என்று கையை நீட்டினேன், குழாயே இல்லை. மூன்றாவது ஹாலுக்குப் போகவில்லை, முழங்கால் வலி. கோபித்துக்கொள்ளாதே.

கண்காட்சியில் மாட்ட இந்த ஊருக்கு வந்தவன் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லையே?

அக்கா


ஜனவரி 22

அக்கா,

ஏன் பொய் சொல்கிறாய்? அந்த ஹாலைப் பார்த்துக்கொள்ளும் பெண் போனில் சொன்னாள்: "உங்க ஜாடையிலேயே ஒருத்தங்க வந்தாங்க சார். ரொம்ப நேரம் நின்னாங்க, அப்புறம் விறுவிறுன்னு போயிட்டாங்க." என்னை உன் தம்பி என்று சொல்லிக்கொள்ள உனக்கு அவ்வளவு வெட்கமா?

வாலு


ஜனவரி 27

தம்பிக்கு,

ஆமாம், பொய்தான் சொன்னேன். வாசலிலேயே தெரிந்துவிட்டது, அம்மாவின் பெட்ஷீட்டுகள். ஓரத்து நீலத் தையல் நான் போட்டது. அம்மா போனபின் ஞாபகத்துக்கு வேண்டும் என்று கேட்டாய். துவைத்து, இஸ்திரி போட்டு, வெள்ளை வெளேரென்று அனுப்பினேன். நீ அவற்றில் டீ டிக்காஷனை ஊற்றிக் கறையாக்கி, 'அம்மாவின் கடைசி வருடம்' என்று எழுதி மாட்டியிருக்கிறாய்.

பக்கத்தில் நின்ற பெண், "ஐயோ பாவம், மாத்திவிடக்கூட ஆளில்லையா? இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதுங்க" என்றேன்.

ஒருநாள்கூட அம்மாவை ஈரத்தில் படுக்க விட்டதில்லைடா. அதைச் சொல்ல வாய் வரவில்லை. பெற்றவளையே தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ பண்ணியதைவிட நான் சொன்னதுதான் என்னைப் பிடுங்கித் தின்கிறது.

அக்கா


பிப்ரவரி 3

அக்கா,

உன் முகத்தில் விழிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வருடம் நான் வந்ததே இரண்டு தரம், அதுவும் விருந்தாளி மாதிரி. அந்த அறையில் என்ன நடந்தது என்றே தெரியாதவன் கறையைக் கற்பனை செய்துகொண்டேன். வெள்ளையாக மாட்டினால் யார் நின்று பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

நேற்று உன் ஊருக்கு வந்து பெட்ஷீட்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். "ஓட்டுல நீங்கதான் சார் முன்னால இருக்கீங்க. இப்ப எடுத்தா பரிசு போயிடும்" என்றார்கள். போகட்டும்.

இந்த ஊர் லாட்ஜில்தான் இருக்கிறேன். வெந்நீர் ஊற்றித் துவைத்துப் பார்த்தேன், கறை அசையவில்லை. வீட்டுக்கு வர வெட்கமாக இருக்கிறது. பார்சலில் அனுப்பட்டுமா?

வாலு


பிப்ரவரி 5

வாலு,

பார்சல் வேண்டாம். நீயே கொண்டு வா.

நனைந்த பெட்ஷீட்டைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். அந்த வருடம் முழுக்க ஒரு முனையைக் குழாயில் சுற்றிவிட்டு, நான் ஒருத்தியாகத்தான் பிழிந்தேன்.

அக்கா