கேட்காமல் நிறுத்திய மாத்திரை

என்னங்க,

சௌக்கியமா? உங்க முட்டிவலி தேவலையா? பாப்பா அழாம பள்ளிக்கூடம் போறாளா? நான் நல்லா இருக்கேன்.

ஒரு விஷயம், பயந்துடாதீங்க. "மனசுதான் தெளிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு அந்த மாத்திரை?"ன்னு போன்ல கேட்டீங்களே, எனக்கும் சரின்னு பட்டுச்சு. டாக்டரைக் கேக்காமலே நிறுத்திட்டேன். நாலாம் நாள் தையல் மெஷின் முன்னாடி தலை கிறுகிறுன்னு சுத்துச்சு. காரணமே இல்லாம அழுகை வேற. சூப்பர்வைசர் அக்கா கையோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க.

"தெளிவு வந்ததே மாத்திரையாலதாம்மா. திடீர்னு நிறுத்தினா உடம்பு முரண்டு பிடிக்கும். நேரம் வரும்போது நானே கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன்"னார். விட்டதுக்கும் சேர்த்து ரெண்டா போடட்டுமான்னு கேட்டேன். "கூடவே கூடாது"ன்னு அதட்டினார். அவர் சொன்னபடி இப்ப தினம் காலையில ஒண்ணு. தலைசுத்தல் போயிடுச்சு. உங்க மேல கோபமெல்லாம் இல்ல.

பாப்பாவைத் தோள்லேர்ந்து முழங்கால் வரைக்கும் அளந்து எழுதுங்க, கவுன் தைக்கணும். எவ்வளவு வளர்ந்திருக்கான்னு எனக்குத் தெரியல. அப்புறம், உங்க சட்டை ஒண்ணு அனுப்புங்க. துவைக்க வேணாம், போட்டுக் கழட்டினது அப்படியே வேணும்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்குது, ஓடுறேன்.

உங்க,
பாப்பாவோட அம்மா