உங்கள் தோளில் நான் பூட்டிய சிப்

மெழுகுதிரி மணம் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. கரண்ட் போனதற்குக் கொளுத்தியதல்ல, உங்கள் உடுப்பைப் பூட்டும் பித்தளைச் சிப்புக்குத் தேய்த்தது. உடுப்பு இப்போது என் தம்பியிடம். ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு அதை மச்சானுக்குக் கொடுக்கச் சொன்னது நீங்கள்தான். தண்ணீருக்குள் இறங்கும் வேலைக்கு அவன் கூப்பிட்டால் நானும் கூடப் போகிறேன். பூட்டி விட ஆள் வேண்டுமே.

நோர்வேயில் மீன் வளர்க்கும் வலைகளைப் பார்க்கக் குளிர்கடலில் இறங்கிய காலத்து ட்றை சூட் அது. கழுத்திலிருந்து கால்வரை மூடும் றப்பர் உடுப்பு, உள்ளே தண்ணீர் புகாது. வல்வெட்டித்துறைக்குத் திரும்பிய பிறகு அது பெட்டியிலேயே கிடந்தது. எங்கள் வெயிலுக்கு அது யாருக்கு வேண்டும்? வெறும் காற்சட்டையோடு இறங்கி, வள்ளங்களின் விசிறியில் சுற்றிய வலையை அறுத்துக் கொடுத்தீர்கள். பிறகு இரத்தத்தில் சீனி கூடும் வருத்தம் வந்தது. வலது காலில் புண் வந்தது, ஆறவில்லை. காலில் தண்ணீர் படக்கூடாது என்றார் டொக்டர். கடலே வேண்டாம் என்றேன் நான். நீங்கள் பெட்டியைத் திறந்தீர்கள்.

“இதுக்குள்ளை ஒரு துளி போகாது. சிப் முதுகிலை. என்னாலை பூட்டேலாது, நீர்தான் பூட்டவேணும். நீர் பூட்டாட்டில் நான் இறங்கமாட்டன்.”

அந்த வாக்கில்தான் விட்டேன். நீங்கள் குனிந்து நிற்பீர்கள். ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை பித்தளைப் பல்லுக்கு மெழுகு தேய்த்து, மெல்ல இழுத்து, கடைசியில் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவேன். கரையில் நிற்பவர்கள் சும்மா இருப்பார்களா? “என்ன அண்ணை, சந்திரனுக்கே பயணம்?” என்பார்கள். “ஓம், மனிசியைக் கேட்டிட்டன், விட்டிட்டா” என்பீர்கள். எனக்கும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அலுப்பாக இருக்கிறது.

கரைக்கு வந்து உடுப்புக்குள் போட்ட சொக்ஸைக் கழற்றும்போது அது நனைந்திருக்கும். கேட்டால், “உது வேர்வையப்பா. றப்பருக்குள்ளை அவிஞ்சு கிடந்தால் வேர்க்காதே? உமக்கு எல்லாத்திலையும் சந்தேகம்” என்பீர்கள். நான் பிழிந்து பார்ப்பேன், மணந்தும் பார்ப்பேன். கடலும் உப்பு, வேர்வையும் உப்பு. எதை வைத்து உங்கள் சொல்லைப் பொய் என்று சொல்ல? புண் கறுத்தது. கால்விரல்களை எடுத்தார்கள். பிறகு காய்ச்சல், பிறகு நீங்கள் இல்லை. இந்த உடுப்பும் இல்லாவிட்டால் இன்னும் கெதியாகப் போயிருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன கிழமை உரும்பிராயில் ஒரு வெங்காயத் தோட்டத்துக் கிணற்றுக்குள் தண்ணீர்ப் பம்ப் கயிறறுந்து விழுந்துவிட்டது. மழைக்குப் பிந்திய கிணறு, நிறையத் தண்ணீர், நல்ல குளிர். தம்பி உங்கள் உடுப்போடு இறங்கினான். பம்பைத் தொட்டுவிட்டான், கயிறு கட்ட முடியவில்லை. ஏறி வந்து சொக்ஸைக் கழற்றினான். சொட்டியது.

“வேர்வை அக்கா,” என்றான்.

அதே சொல். நான் பிழிந்து ஒரு துளியை நாக்கில் வைத்தேன். உப்பில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர், குடிக்கிற தண்ணீர். கிணற்றுக் கட்டில் அப்படியே இருந்துவிட்டேன். தம்பி பயந்து போய், “என்னக்கா, தலை சுத்துதோ?” என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து, ஓட்டையைத் தேட, உடுப்பின் கழுத்தில் செம்பையும் இரண்டு கைகளிலும் சோடாப் போத்தல்களையும் வைத்து இறுக்கிக் கட்டினோம். தம்பி தான் மூச்சுக்குக் கொண்டுபோகும் சிலிண்டரிலிருந்து காற்று விட்டான். முற்றத்தில் அது உங்கள் உடம்பளவுக்கு எழும்பியது. உங்கள் வண்டி வயிறு, உங்கள் அகன்ற தோள். நான் பார்வையைச் சிப்பில் மட்டும் வைத்துக்கொண்டு சவர்க்காரத் தண்ணீர் பூசினேன். இடது நுனியில் குமிழி வந்தது.

காற்றை இறக்கி, அந்த நுனியை உட்புறமாகப் புரட்டினேன். உள்ளே சைக்கிள் ரியூப் துண்டொன்று ஒட்டியிருந்தது. மூலைகளை வட்டமாக வெட்டிய துண்டு. சைக்கிளுக்கு ஒட்டும்போதும் நீங்கள் அப்படித்தான் வெட்டுவீர்கள், மூலை இருந்தால் கிளம்பிவிடும் என்று. ஓரத்தைக் கிளப்பினால் அதன் கீழே பழைய பசை, அதற்கும் கீழே அதைவிடப் பழைய பசை. உடுப்பைப் புரட்டிக் காயவிடும் வேலையை என்னிடம் ஒருநாளும் தராததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. தோளில் புகுந்த தண்ணீர் காலில்தான் போய் நிற்கும். அது உங்களுக்குத் தெரியாததா?

எனக்குக் கோபம், உங்களிடம்தான். சொல்லியிருந்தால் நான் பூட்டியிருக்க மாட்டேன். அதற்காகத்தானே சொல்லவில்லை. கடலை விட்டுக் கரையில் இருக்க உங்களால் முடியவில்லை, என் கையாலேயே பூட்டி என் கையாலேயே தட்டி அனுப்ப வைத்தீர்கள். அடுப்படியில் இருந்து அழுதேன். அழுகிறதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

பிறகு எழும்பி வேலையைப் பார்த்தேன். உங்கள் துண்டை உரித்தெடுத்தேன். பழைய பசையைச் சுரண்டி, பல்லுகளைத் தூரிகையால் துடைத்து, காயவிட்டு, புதுத் துண்டு ஒட்டினேன். மூலைகளை வட்டமாகத்தான் வெட்டினேன், வேறு விதமாக எனக்குத் தெரியாது. மறுபடியும் காற்று, மறுபடியும் சவர்க்காரம். குமிழி வரவில்லை.

இன்று காலை அதே கிணற்றடி. தம்பி குனிந்து நின்றான். பூட்டினேன், ஆனால் தட்டவில்லை.

“ஏறி வந்த உடனை சொக்ஸை என்ரை கையிலை தா. நீ ஒண்டும் சொல்லவேண்டாம்.”

“ஓம் அக்கா.”

பம்ப் மேலே வந்தது, பின்னால் அவனும் வந்தான். கேள்வி கேட்காமல் சொக்ஸைக் கழற்றித் தந்தான். கொஞ்சம் ஈரம். துளியாக விழவில்லை, விரலை அதில் அழுத்தித்தான் நாக்கில் வைக்க வேண்டியிருந்தது.

உப்பாக இருந்தது. வேர்வைதான்.

அந்த உப்பு இன்னும் என் வாயில் இருக்கிறது. தோட்டக்காரர் தேத்தண்ணீர் தந்தார். நான் குடிக்கவில்லை.