முர்டோவின் டிரைவர் மட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தணிந்ததா? ஆர்க்னித் தீவில் காற்று அடங்கியதா? நான் நலம். கையில் சில கீறல்கள் மட்டும், பயப்படாதீர்கள். கோப்பையோடு வந்த கீறல்கள் அவை.

எங்கள் ஹோட்டல் ஊழியர்களின் கோல்ஃப் போட்டியில் சமையல்காரர் முர்டோ எனக்கு ஜோடி. ஜோடிக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். முதல் அடி அவருடையது என்றால், பந்தை வெகுதூரம் அனுப்பும் நீளமான டிரைவர் மட்டையைத்தான் உருவுவார். பந்து முட்புதருக்குள் போய்விடும். அங்கிருந்து அடிக்க வேண்டியவள் நான்.

மூன்றாம் முறை அவர் மட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்கிறது நீங்க, முள்ளுக்குள்ள இறங்குறது நானா? இரும்பு மட்டையை எடுங்க."

"அது கிழவிங்க ஆட்டம், தோரா."

"இருக்கட்டும். கிழவிங்க கை கிழியாம வீட்டுக்குப் போறாங்க."

முணுமுணுத்தபடி எடுத்தார். பந்து கொஞ்ச தூரம்தான் போனது, ஆனால் புல்லில் கிடந்தது. அதற்கப்புறம் நாங்கள் எதிர் ஜோடியிடம் ஒரு குழிகூடத் தோற்கவில்லை, அப்பா. கோப்பை இப்போது சூப் அண்டாவுக்குப் பக்கத்தில் மின்னுகிறது.

என் பழைய தோல் கையுறையை அனுப்புங்கள். இங்கே வாங்கியது விரலில் நிற்கவில்லை. தபால் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

நீங்களும் டிரைவரைத்தான் எடுப்பீர்கள், தெரியும். எடுங்கள். உங்கள் பந்து என்றால் நான் முள்ளுக்குள் இறங்குவேன்.

தோரா