மயிலாத்தாள் கொண்டுபோன அரசாணி விதை

மங்கலம்,
12.2.1968

சிரஞ்சீவி நாச்சிமுத்துவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். பிலாயில் குளிர் விட்டதா, உன் இருமல் நின்றதா என்று எழுது.

சின்ன வயதில் நீ ஒருநாள் கேட்டாய், புத்தகத்தில் பரங்கி என்று போட்டிருக்கும் அரசாணிப் பூவின் வாயை எதற்கு நூலால் கட்டுகிறீர்கள், அதற்கு மூச்சு முட்டாதா என்று. மறுநாள் விரியப்போகும் பெண்பூவைத் தறியில் கழிந்த நூலால் அந்தியிலேயே கட்டிவிடுவேன். விடிந்ததும் நம் கொடியின் ஆண்பூவை ஒடித்து வந்து அதில் தடவி மறுபடி கட்டுவேன். வேறு கொடியின் மகரந்தத்தை வண்டு கொண்டுவந்து வைத்துவிட்டால் அந்த வருஷத்துக் காய் நம் காய் மாதிரியேதான் இருக்கும், அதன் விதையைப் போட்டால்தான் அடுத்த வருஷம் வேறாய்க் காய்க்கும் என்று சொன்னேன். உனக்குப் புரியவில்லை. உன் தங்கைக்குப் புரிந்தது. மயிலாத்தாள் கல்யாணமாகிப் பொங்கலூர் போகும்போது ஒரு பிடி விதையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள், இருந்தவரைக்கும் அங்கேயும் பூக் கட்டினாள்.

நம்மிடம் இருந்த விதையைப் போன ஆடியில் எலி தின்றுவிட்டது. அந்தத் தட்டையான, ஆழமாய் வரி விழுந்த காய் இனி இருந்தால் அவள் வீட்டில்தான் இருக்கும். அவள் பிரசவத்தில் போய், வருஷம் திரும்புமுன் மாப்பிள்ளை வேலாத்தாளைக் கட்டிக்கொண்ட பிறகு, அந்த வாசலை நாம் மிதிக்கக்கூடாது என்று நீ எழுதியிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே, போன வாரம் போய்வந்தேன்.

மாப்பிள்ளை தோட்டத்துக்குப் போயிருந்தார். வேலாத்தாள்தான் தண்ணீர் கொடுத்தாள். உன் மருமகன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, இது யாரும்மா என்று கேட்டான். உன்ற அப்புச்சிடா கண்ணு, கும்பிட்டுக்கோ என்றாள். நெற்றி அப்படியே மயிலாத்தாளுடையது. அரசாணி விதை இருக்கிறதா என்று நான் கேட்டதும் வேலாத்தாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அக்கா முடிந்து வைத்த விதையாயிற்றே, விடக்கூடாது என்று வருஷா வருஷம் போட்டு வந்தாளாம். அட்டாலியில் ஏறிக் காயை இறக்கி என் மடியில் வைத்தாள். வரியெல்லாம் நம்முடையதுதான். காம்புப் பக்கம் மட்டும் சுரைக்காய் மாதிரிக் கழுத்து நீண்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவள் பயந்துவிட்டாள்.

"எங்கம்மா ஊட்டு வெதையையும் அதே வேலியிலதானுங்க போட்டேன். தப்புங்களா?"

நூல் கட்டுகிற விஷயத்தை அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கரும்பலகையில் பூப்படம் போட்டுப் பாடம் நடத்திய நான் அந்த வாசலை மிதிக்கவில்லையே. கலந்ததை இனி என்னால் பிரித்தெடுக்க முடியாது. தப்பில்லை கண்ணு, நன்றாகக் காப்பாற்றியிருக்கிறாய் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். பஸ்ஸில் காயை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதுதான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் காய் என்ன விலை என்று கேட்டார்.

அம்மா அந்தக் கழுத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பாதி நம்ம புள்ளையோடதுதானுங்களே" என்றாள். அறுத்து எடுத்த விதையில் கொஞ்சம் காயவைத்து இதோடு வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, நெஞ்சுக்குத் துணி சுற்றாமல் இரவு வேலைக்குப் போகாதே. மருமகனுக்கு ஒரு சட்டைத் துணியாவது அனுப்பு, அவன் மாமன் யார் என்று அவனுக்குத் தெரியட்டும். முருகன் உன் கூடவே இருக்கட்டும். குவார்ட்டர்ஸின் பின்பக்கம், கூர்முனை கீழே போகும்படி விதையை ஊன்று. பூ வந்தால் கட்டாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்புசாமி