படகில் ஏற்றிய அகல்

12-12-2003, வெள்ளி

கொச்சியில் எரிந்துபோன படகை விசாரிக்க இன்சூரன்ஸ் சர்வேயர் இன்று வீட்டுக்கே வந்தார். படகு, எங்கள் மாடியில் குடியிருக்கும் வெள்ளைக்காரர் டேனியலுடையது. அதற்குக் காவல் இருந்தவர் என் வீட்டுக்காரர்.

"ஒயர் கோளாறுன்னா பணம் வந்துடும். ஆளுங்க ஏத்தின நெருப்புன்னா பாலிசியில வராது" என்றார் சர்வேயர்.

டேனியல் என் வீட்டுக்காரரையே பார்த்தார். ஒயர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கார்த்திகை தீபத்தன்னைக்கு, நம்ம மலையில ஏத்துற நேரத்துக்கு நானும் படகுல ஒரு அகல் ஏத்தினேங்க. காத்துல பாய்த்துணி பத்திக்கிச்சு. எங்க இருந்தாலும் ஏத்தணும் இல்லீங்களா?"

சர்வேயர் எழுதிக்கொண்டார். வாசலில் இறங்கும்போது மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

டேனியலைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கதவு திறக்கவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பாத்திரம் கழுவினேன்.

மலையில் தீபம் இன்னும் எரிகிறது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, ஜன்னலைச் சாத்து என்றார் இவர். சாத்தினேன். இங்கிருந்து பார்த்தால் அது ஒரு பொட்டு அளவுதான்.