வேம்படி முடுக்கில் பேசிய கேமராவை அகற்றக் கோருதல்

அனுப்புநர்:
ஆஃபியா (வயது 26),
வேம்படி முடுக்கு,
காயல்பட்டினம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தூத்துக்குடி.

பொருள்: பெண்கள் நடக்கும் முடுக்கில் அனுமதியின்றிப் பொருத்தப்பட்ட கண்காணிப்புக் கேமராவை அகற்றவும், அதன் பதிவுகளை அழிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வேம்படி முடுக்கு என்பது இரண்டு தெருக்களின் வீடுகளுக்கு இடையே, பின்வாசல்களை ஒட்டிச் செல்லும் ஒடுங்கிய சந்து. பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தெருவில் இறங்காமல் போய்வரும் வழி இது. ஆண்கள் இதில் நடப்பதில்லை. குழாய் பழுதுபார்க்கவோ வேறு வேலைக்கோ வர நேர்ந்தால், முனையில் நின்று தொண்டையைச் செருமுவார்கள். நாங்கள் ஒதுங்கிய பிறகே உள்ளே வருவார்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் யாரும் மீறியதில்லை.

2. கடந்த ஜூலை மாதம் எங்கள் பெரிய தெருவில் ஒரு சங்கிலிப் பறிப்பு நடந்தது. அதைக் காரணம் காட்டி வேம்படி நலச்சங்கத்தார் ஆகஸ்டில் ஒரு கேமரா பொருத்தினார்கள். பறிப்பு நடந்தது பெரிய தெருவில். கேமரா நிற்பது முடுக்கில். எனக்கு எழுந்த முதல் சந்தேகம் இதுவே.

3. கேமரா இருப்பது நகராட்சித் தெருவிளக்குக் கம்பத்தில். மின்சாரமும் அதிலிருந்தே எடுக்கப்படுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டதில், அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை என்று எழுத்துப்பூர்வமான பதில் கிடைத்தது (நகல் இணைப்பு 1).

4. அக்கேமரா ஒரே திசையைப் பார்ப்பதில்லை. பதினொரு நாட்கள் எங்கள் மாடி ஜன்னலிலிருந்து அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நேரத்தோடு குறித்து வைத்தேன் (இணைப்பு 2). காலையில் அது பொதுவாகத் தெருமுனையை நோக்கி நிற்கிறது. மாலை நான்கு மணிக்கு, முடுக்கை ஒட்டிக் குடியிருக்கும் ஆயிஷா மாமி வீட்டுப் பின்வாசலுக்குத் திரும்புகிறது. காற்றில் திரும்பியிருக்கும் என்று சங்கத்தில் சொன்னார்கள். நான்கு மணிக்குக் கடல்காற்று வருவது உண்மைதான். ஆனால் அது ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பதில்லை.

5. அந்த வீட்டில் அந்நேரம் என்ன நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அக்கா முறையான அண்டைவீட்டு இல்மா ராத்தாவும் வேறு மூன்று பெண்களும் அங்கே கூடித் தம்மடை என்னும் ரவைப் பணியாரம் சுட்டு, வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களுக்கு அனுப்பி வந்தார்கள். பெட்டிகளில் ஒட்டும் முகவரிகளை எழுதித் தருவது என் வேலை. கைபேசி எங்களுக்குத் தொழிலும் தந்தது என்பதை நான் மறுக்கவில்லை. இம்மனு கருவிகளுக்கு எதிரானது அன்று.

6. கேமராவைப் பொருத்தியவர் தூத்துக்குடி மில்லர்புரத்தில் கடை வைத்திருக்கும் திரு. செல்வதுரை. ஆயிஷா மாமியோடு பேருந்தில் போய் அவரை நேரில் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எம்மா, பாஸ்வேர்டைத் தலைவருகிட்ட மட்டுந்தான் கொடுத்தேன். போன மாசம் ரிப்பேருக்கு வந்து பாத்தா அறுபத்தோரு போன்ல ஓடுது. கிரிக்கெட்டுக்குக்கூட இவ்வளவு பேரு உக்காந்து பாக்க மாட்டாங்க." அவர் காட்டிய பட்டியலின்படி, அந்த அறுபத்தொன்றில் பெரும்பாலானவை துபாய், தம்மாம், தோஹா முதலிய ஊர்களில் வேலை பார்க்கும் எங்கள் பகுதி ஆண்களின் கைபேசிகள்.

7. அதன் பிறகு சங்கத் தலைவர் ஜனாப் வாவு இல்யாஸ் அவர்களிடம் முறையிட்டேன். "பாக்கது எல்லாம் நம்ம வீட்டு ஆளுகதானேம்மா" என்றார். என் வீட்டு ஆண் ஒருவர்தான். மீதி அறுபது பேரை நான் அறியேன்.

8. கடந்த 22.10.2025 அன்று ஆயிஷா மாமி வீட்டுக்குப் போகையில் திடீரென்று மழை பிடித்தது. கையிலிருந்த புத்தகத்தைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு ஓடினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் தம்மாமிலிருந்து பேசிய என் மூத்த சகோதரர் ஹம்தான், "புத்தகம் நனைஞ்சிட்டா? வேற அனுப்பவா?" என்று கேட்டார். எனக்குப் புத்தகங்கள் வாங்கி அனுப்புபவர் அவர்தான். அன்பினால்தான் கேட்டார் என்று அறிவேன். ஆயினும் அன்று முதல் நான் முடுக்கில் புத்தகத்தோடு நடப்பதில்லை.

9. கடந்த 30.10.2025 வியாழக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு, நாங்கள் நால்வர் வரிசையாக நடந்து போகையில் கம்பத்திலிருந்து ஓர் ஆண்குரல் பேசியது: "ஏளா, மூணாவதா வாரது யாரு? முகத்தைத் திருப்பு, பாப்போம்." பின்னால் பலர் சிரிக்கும் சத்தம் கேட்டது. கேமராவில் ஒலிபெருக்கியும் உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தோம். மூன்றாவதாக வந்தவர் இல்மா ராத்தா. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு வெளியே வந்த ஆயிஷா மாமி கம்பத்தை அண்ணாந்து பார்த்து, "ஏலே, யாரு பெத்த பிள்ளைலே நீ? பேரைச் சொல்லு, உங்க உம்மாட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார். சிரிப்பு நின்றது.

10. பேசியவர் யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஐயா, அந்தக் குரலைவிட அதற்குப் பின் வந்த நாட்களே கொடியவை. வெளிநாட்டிலிருந்து கணவரோ மகனோ நலம் விசாரிக்கும்போது, பெண்கள் பதில் சொல்லாமல் குரலைக் கூர்ந்து கேட்கிறார்கள். அந்தக் குரலா, இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். என் சகோதரர் குரல் இல்லை என்றே தோன்றுகிறது. ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் சிரித்தவர்களில் அவர் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

11. இல்மா ராத்தா பத்தொன்பது நாட்களாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மாமி வீட்டு அடுப்பில் ஆர்டர் வேலை நின்றுவிட்டது. தெருவழியாகப் போனால் ஏன் தெருவழியாகப் போகிறாய் என்ற கேள்வி. முடுக்குவழியாகப் போனால் அறுபத்தொரு கைபேசிகள். எங்களுக்கு இருந்தது இந்த ஒரு வழிதான்.

12. இம்மனுவை இணையவழியில் பதிவு செய்யாமல் பதிவுத் தபாலில் அனுப்புவதற்கும் காரணம் உண்டு. என் பெயரில் எங்கே விண்ணப்பித்தாலும் ஓ.டி.பி. போய்ச் சேரும் எண் தம்மாமில் என் சகோதரரிடம் இருக்கிறது. பதினொரு பெண்கள் இம்மனுவை வாசித்துச் சம்மதித்தார்கள். எவரும் கையெழுத்திடவில்லை, கையெழுத்துள்ள பக்கத்தை யாராவது படமெடுத்துப் பரப்பிவிடுவார்கள் என்று அஞ்சுகிறார்கள். ஆகையால் நான் ஒருத்தி மட்டும் கையெழுத்திடுகிறேன்.

எனவே, கேமராவைக் கம்பத்திலிருந்து அகற்றவும், அன்று பேசியது யாருடைய கைபேசி என்பதைக் கண்டறிந்து, அது என் வீட்டுக் கைபேசியாகவே இருந்தாலும், சட்டப்படி நடவடிக்கை எடுக்கவும், விசாரணைக்குப் பின் பதிவுகள் அனைத்தையும் அழிக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். பதிவுகளைப் பார்க்க நேர்ந்தால் பெண் அலுவலர் ஒருவர் மட்டுமே பார்க்க வேண்டும். கருத்துக் கேட்பதற்காக இம்மனுவின் நகலைச் சங்கத்துக்கு அனுப்பும் வழக்கம் இருந்தால், என் பெயரை மறைத்து அனுப்பக் கோருகிறேன்.

இன்னொன்று. கேமராவை அகற்றும் நாளை எங்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம். எங்களுக்குத் தெரிந்தால் அவர்களுக்கும் தெரிந்துவிடும். ஒருநாள் மாலை பின்வாசலைத் திறக்கையில் கம்பம் வெறுமையாக நிற்பதைப் பார்த்து, நாங்களே அறிந்துகொள்கிறோம்.

இடம்: காயல்பட்டினம்
நாள்: 18.11.2025

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஆஃபியா

இணைப்பு: 1. தகவல் அறியும் உரிமைச் சட்டப் பதிலின் நகல். 2. கேமரா திரும்பிய திசைகள், பதினொரு நாள் குறிப்பு.