என்னையே பாத்துக்கினு வா

இன்று காலை செக்கிங் மேசையில் புது ஆர்டரின் கட்டைப் பிரித்தார்கள். கருநீலத் துணி. சாயமும் கஞ்சியும் கலந்த வாசனை முகத்தில் அடித்ததும் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். எதிரில் இருந்த கன்னடக்காரப் பெண், "ஏனாயித்து அக்கா?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்த வார்த்தையை இப்போதெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை.

இதே பொம்மனஹள்ளி ஃபேக்டரியில் அப்போது உனக்கும் எனக்கும் எதிரெதிர் மெஷின். சட்டைக்கு நீ காலர் தைப்பாய், நான் கைநுனி கஃப். அத்தனை மெஷினும் ஒன்றாக ஓடும் இரைச்சலில் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்காது. சூப்பர்வைசருக்கு மட்டும் எப்படியோ கேட்டுவிடும். அதனால் லைனில் எல்லாப் பெண்களும் சத்தமில்லாமல் உதட்டாலேயே பேசப் பழகிவிடுகிறோம். மாமியார் சண்டையிலிருந்து மதியக் குழம்பில் உப்புக் கூடியது வரை நமக்கு எல்லாம் உதட்டில்தான். நான் பாதி சொல்லும்போதே நீ பதிலை ஆரம்பித்துவிடுவாய். அவசரக்குடுக்கை.

உகாண்டாவில் கம்பெனி திறந்த புது ஃபேக்டரியில் தையல் பழக்க நம் இருவரையும் அனுப்பினார்களே, அப்போதும் நீ அப்படித்தான் இருந்தாய். சேர்ந்தாற்போல லீவு வந்தது. அங்கே வேலை பார்த்த மற்றவர்கள் ஏரியைப் பார்க்கக் கிளம்பினார்கள். நீ அடம்பிடித்தாய். "சிவிங்கிப்புலி பாக்கணும்டி. நம்ம நாட்டுல அத்துப்போயி, இப்ப வெளிநாட்டுலேந்து கொண்டாந்து விடறாங்களாம். இவ்ளோ தூரம் வந்துட்டு பாக்காம போனா நல்லாவா இருக்கும்?"

வடகோடியில் இருந்த அந்தப் பூங்காவுக்குப் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. சுற்றிலும் கரடுமுரடான பாறை மலைகள். நடுவே மார்பளவு மஞ்சள் புல், அங்கங்கே ஒற்றை முள்மரம். கண்ணுக்கெட்டிய வரை ஒரு வீடு கிடையாது. ஜீப்பின் முன்சீட்டில் துப்பாக்கியோடு வனக் காவலர். வழியில் ஒரு காட்டெருமைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நீ சிரித்தாய். "இதுக்கா துப்பாக்கி? நம்ம ஓசூர் ரோட்ல எருமைங்க சிக்னலுக்கே நகராம நிக்குமே!" காவலர் சிரிக்கவில்லை. கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் கிழட்டு எருமைதான் சிங்கத்தைவிட மோசம் என்று அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் உனக்குத் தமிழில் சொன்னேன். நீ காதில் வாங்கவே இல்லை.

மதியம் கால் நீட்டிக்கொள்ள ஜீப்பை நிறுத்தினார்கள். சுற்றிலும் பார்த்துவிட்டு, வண்டியை ஒட்டியே நிற்கச் சொன்னார் காவலர். கொஞ்ச தூரத்தில் ஒரு முள்மரத்தில் கருநீலத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. கடித்தால் தூக்க நோய் வருமாமே, அந்த ஈயைப் பிடிக்கும் பொறி. நீல நிறத்தைக் கண்டால் ஈ தேடி வருமாம். ஈ வந்ததோ இல்லையோ, நீ போய்விட்டாய். துணியைக் கண்டால் உன் கை சும்மா இருக்காது. "ஓரத்த மடிக்காமயே விட்டிருக்கான் பாருடி!" என்று நுனியைத் தூக்கி, என் பக்கம் திரும்பிக் காட்டினாய்.

உன் முதுகுக்குப் பின்னால், மர நிழலில், புல்லோடு சேர்ந்து ஏதோ எழுந்தது. தனி எருமை. கொம்பு உன் இரண்டு தோளுக்கு வெளியிலும் தெரிந்தது.

காவலர் துப்பாக்கியை உயர்த்தினார், இறக்கினார். குறுக்கே நீ நின்றாய். சத்தம் போட்டாலும் ஓடினாலும் அது பாய்ந்துவிடும் என்று என் காதோடு சொன்னார். உனக்கு ஒன்றும் தெரியவில்லை. துணியைப் பிடித்துக்கொண்டு இளித்துக்கொண்டிருந்தாய். நான் உதட்டை அசைத்தேன்.

"கத்தாத. ஓடாத. திரும்பாத. என்னையே பாத்துக்கினு வா."

உன் சிரிப்பு நின்றது. உதடு மட்டும் கேட்டது: "என்னா பின்னாடி?"

"ஒண்ணுமில்ல. வா."

எப்போதும் குறுக்கே பேசுகிற நீ அன்று பேசவில்லை. துணியை மெதுவாக விட்டாய். ஓர் அடி வைத்தாய். என் கண் எருமைப் பக்கம் போனால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று உன் முகத்தை மட்டுமே பார்த்தேன். அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. "வா. கல்லு இருக்கு, பாத்து." கல்லில் உன் செருப்பு வழுக்கியது. பின்னால் அது பெருமூச்சு மாதிரி சீறியது. உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஆனால் நீ திரும்பவில்லை. பயத்தில் எனக்குச் சேலை நனைந்துவிட்டது. இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

காவலர் எட்டி உன் கையைப் பிடித்து ஜீப்புக்குள் இழுத்தார், நானும் ஏறிக்கொண்டேன். கதவு சாத்திய சத்தத்துக்கு அது பாய்ந்தது. ஜீப் கிளம்பிவிட்டது. புழுதிக்குள் அது துரத்தி வருவதைப் பின்கண்ணாடி வழியாக அப்போதுதான் பார்த்தாய். பிறகு, "எமன் வண்டிய மட்டும் அனுப்பியிருக்கான்டி, ஆளு வரல" என்றாய். சிரித்தோம், அழுதோம். "ஒண்ணுமில்லையாம்! பொய்க்காரி" என்று என் தொடையில் ஓங்கிக் குத்தினாய். சிவிங்கிப்புலி கடைசிவரை கண்ணில் படவேயில்லை.

ஊர் திரும்பிய மறுவருஷம் உன் நுரையீரல் கெட்டது. தீவிர சிகிச்சை அறைக்குள் விடவில்லை; கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். உனக்கு மூக்கில் குழாய். இனி செய்வதற்கு ஏதுமில்லை என்று டாக்டர் உன் வீட்டுக்காரரிடமும் என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார். உன் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வந்தேன். நீ எனக்காகவே காத்திருந்தாய்.

"என்னா சொன்னாங்க?" என்று உதட்டால் கேட்டாய்.

"ஒண்ணுமில்ல. என்னையே பாரு."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. உன் உதட்டோரம் மெல்லச் சிரித்தது.

"எருமையா?"

இன்னொரு பொய் எனக்கு வரவில்லை. தலையை ஆட்டினேன். நீ அழவில்லை, பயப்படவில்லை. "சரி. நீ அங்கயே நில்லு" என்றாய். நர்ஸ் வந்து கடைசியாகத் திரையை இழுக்கும்வரை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இன்றைக்கு அந்தக் கன்னடக்காரப் பெண் விடவில்லை. மெஷின்கள் ஓடத் தொடங்கிய பிறகும் எதிரிலிருந்து உதட்டால் மறுபடி கேட்டாள். சிநேகிதி நினைப்பு வந்துவிட்டது என்று நானும் உதட்டாலேயே சொன்னேன். கத்தரியை எடுத்தேன். துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

அங்கயேதான் நிக்கிறேன்டி.